பாலை மரத்தில் நின்ற ஐயா

கேள்வி: மோட்டார் சைக்கிளில் காட்டுப் பாதையில் போனபோது உங்களைக் கலங்கடித்த வனவிலங்கு அனுபவம் ஏதாவது உண்டா?

உண்டு. இலங்கையின் வடக்கே வன்னிக்காரன் என்றதும் யானைக் கதைதான் வரும் என்று நினைப்பீர்கள். அதுவும் நாலைந்து இருக்கிறது, முத்தையன்கட்டுப் பக்கம் வளர்ந்தவனிடம் இல்லாமல் இருக்குமா? ஆனால் யானைக்கு எங்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. வழியில் இலத்தி கிடந்தால் இறங்கிப் பார்ப்போம், ஆவி பறந்தால் வந்த வழியே திரும்பிவிடுவோம். முறிந்த கொப்பின் இலை வாடிக் கிடந்தால் போகலாம். பின்னேரம் குளக்கட்டுப் பக்கம் போகக் கூடாது. இப்படிச் சின்ன வயதிலிருந்தே காதில் விழுந்தவை. கரடிக்கு எனக்கு அப்படி ஒரு கணக்கும் தெரிந்திருக்கவில்லை.

2018 ஜூன் கடைசி. ஜூலை 2 மடுக் கத்தோலிக்கத் தேவாலயத்தில் மாதாவின் ஆடித் திருவிழா. நானும் மச்சானும் (அத்தையின் மகன்) இரண்டு மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்டோம். நாங்கள் சைவம்தான், ஆனால் மடுவுக்குப் போவதற்கு வன்னியில் யாரும் சமயம் பார்ப்பதில்லை, என் அம்மம்மா நேர்த்தி வைத்ததே அங்கேதான் அதிகம். ஒழுங்காகப் போகிறவன் ஏ9 றோட்டில் வவுனியா போய், மன்னார் றோட்டைப் பிடித்து மடுச் சந்தியில் திரும்புவான். மச்சானிடம் ஒரு பழைய ஜப்பான் ட்ரெயில் பைக் இருந்தது, அதை வைத்திருப்பவனுக்குத் தார் றோட்டில் போவது மானக்கேடு. ஆகவே மாங்குளம், மல்லாவி, பாண்டியன்குளம், நட்டாங்கண்டல், அங்கிருந்து காட்டுக்குள்ளால் பாலம்பிட்டி, பிறகு மடு. என்னுடையது பல்சர். மணலில் பின் சில்லு ஆடும், பள்ளத்தில் சைலன்சர் அடிபடும், ஆனாலும் மானம் பெரிது.

நட்டாங்கண்டல் தாண்டி முன்பு மரம் ஏற்றும் லொறிகள் போன பாதை ஒன்றில் இறங்கினோம். இரண்டு பக்கமும் முதிரை, வீரை, பாலை, கீழே முள்ளுப் பற்றை. இடைக்கிடை காடு விட்டு விட்டு, ஒரு காலத்தில் வயலாக இருந்த வெளி வரும், வரம்பு இன்னும் மங்கலாகத் தெரியும். அப்படி ஒரு வெளியின் ஓரத்தில் மச்சானின் பைக் செயின் கழன்றது. முதல் நாள் பின் சில்லைக் கழற்றிப் பூட்டிவிட்டுச் செயினைச் சரியாக இறுக்காமல் வந்திருக்கிறான். இரண்டு எஞ்சினையும் நிறுத்தினோம். ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் கொழுவினோம். அரை மணித்தியாலம் கிறீஸ் கையோடு குந்தியிருந்தோம். இந்த அரை மணித்தியாலத்தை நினைவில் வைத்திருங்கள், அவ்வளவு நேரமும் நாங்கள் பெரிதாகக் கதைக்கவில்லை, சத்தமும் போடவில்லை.

பாதையின் வலப் பக்கம் வெளியின் எல்லையில் மிதிவெடி அபாயப் பலகை ஒன்று நின்றது, சிவப்பு, மண்டையோடு, மூன்று மொழி. 2009இல் போர் முடிந்த பிறகு வன்னியில் திரிந்தவர்களுக்கு அது பழகிய சாமான், கடைப் பலகையைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போவோம். மச்சான் மட்டும் அப்படிப் பார்க்க மாட்டான். அவன் இரண்டு வருடம் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்தவன். பலகையைக் கண்டதும் பைக்கைப் பாதையின் நடுவுக்கே தள்ளிவந்து நிறுத்தியவன் அவன்தான்.

இடப் பக்கம் பத்துப் பன்னிரண்டு மீற்றர் தள்ளி ஒரு பெரிய பாலை. பழக் காலம். பாலைப்பழம் தெரியாதவர்களுக்கு: ஒலிவ்காய் அளவு, மஞ்சள், சீனிப் பாணி மாதிரி இனிப்பு, பால் உதட்டில் பிசின் போல ஒட்டிக்கொள்ளும், இரண்டு கை நிறையச் சாப்பிட்டால் வாயைத் திறப்பதே ஒரு வேலை. வைகாசி, ஆனி மாதங்களில் சனம் காட்டுக்குள் போய்ப் பொறுக்கி வந்து றோட்டோரம் விற்கும். சிலர் ஏறிக் கொப்பையே வெட்டி விழுத்துவார்கள். அது எனக்குப் பிடிக்காது, அடுத்த வருடம் அந்த மரத்தில் என்ன இருக்கும்?

அந்த மரத்திலும் கொப்பு முறிந்துகொண்டிருந்தது. படக், படக் என்று, பிறகு சருகில் பழம் கொட்டும் சத்தம். இடையிடையே ஒரு பெருமூச்சு, வயதான ஆள் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே எட்டுவது போல. சோளகக் காற்று மரத்துப் பக்கமிருந்து எங்களை நோக்கி வீசியது. புளித்த பழ மணம் வந்தது, கூடவே நனைந்த நாய் மாதிரி ஒரு மணமும்.

மச்சான் செயினைக் கொழுவிவிட்டு நிமிர்ந்தான். “மச்சான், உது ஆக்கள் பழம் பறிக்கினம்போல.” பிறகு பெரிய குரலில், “ஆர் மேல நிக்கிறது? ரெண்டு கொப்பு இஞ்சாலயும் முறிச்சுப் போடுங்கோவன்!”

முறிக்கிற சத்தம் நின்றது. மூச்சுச் சத்தமும் நின்றது. பதில் இல்லை.

எனக்கு வந்த யோசனையைக் கேளுங்கள். கொப்பு வெட்டுகிறவர், எங்களை வன இலாகா ஆட்கள் என்று நினைத்து ஒளிக்கிறார் என்று நினைத்தேன். ஆகவே நான் நாலு அடி முன்னுக்குப் போய், மிகவும் மரியாதையாக, “ஐயா, பயப்பிடாதேங்கோ, நாங்கள் பொறஸ்ற் ஆக்கள் இல்லை” என்றேன்.

இலைக்குள் கறுப்பாக ஏதோ அசைந்தது. கறுப்புச் சேட்டு என்று நினைத்தேன், சத்தியமாக. பிறகு அது இறங்கத் தொடங்கியது, மனிதன் இறங்குவது போலவே, பின்பக்கம் கீழே, இரண்டு கையாலும் தண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. பட்டையில் நகம் இழுபடும் கறக், கறக் சத்தம் கேட்ட பிறகுதான் என் மூளை வேலை செய்தது. ஒரு கரடியை நான் ஐயா என்று கூப்பிட்டுச் சமாதானம் சொல்லியிருக்கிறேன்.

என் கால் தானாக வலப் பக்கம் பாய்ந்தது. மச்சான் சேட்டைப் பிடித்து இழுத்தான், பொத்தான் இரண்டு தெறித்தது. “பாதையை விட்டுக் காலை வைக்காதை” என்றான், மெல்லிய குரலில். அவன் கரடியைப் பார்க்கவே இல்லை, பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அந்த நேரத்தில் கோபம்கூட வந்தது.

கரடி நிலத்துக்கு வந்து திரும்பியது. நெஞ்சில் வெளிறிய பிறை மாதிரி அடையாளம், தொங்கும் உதடு, வாயைச் சுற்றிப் பழப் பால் ஒட்டிச் சருகுத் துண்டுகளும் சேர்ந்திருந்தன. அரைவாசி எழும்பி நின்று மூக்கை அப்படியும் இப்படியும் ஆட்டியது. எங்களை அது சரியாகப் பார்க்கவில்லை என்றே இன்றுவரை நினைக்கிறேன், ஏதோ இருக்கிறது என்று மட்டும் தெரிந்திருக்கும். பைக்குகள் பின்னால். மச்சானின் பைக்குக்கு நாலைந்து கிக் அடிக்க வேண்டும். இரண்டு ஹெல்மெட்டும் கண்ணாடியில் அழகாகத் தொங்கின.

பிறகு ஒரு சத்தம். உறுமலும் இல்லை, அலறலும் இல்லை, இரண்டும் கலந்தது. நாலு காலில் விழுந்து ஓடி வந்தது, எங்களுக்கு முன்னால் ஐந்து மீற்றரில் பாதையைக் குறுக்கே வெட்டி, பலகையைத் தாண்டி, வெளிக்குள்.

இனித்தான் எனக்கு இன்றைக்கும் நெஞ்சுக்குள் நிற்கிற பகுதி. மச்சான் என்னை இழுத்து நிலத்தில் விழுத்தி, என் தலையை அமத்திக்கொண்டு தானும் படுத்தான். இரண்டு பேரும் காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தோம். கரடி பற்றைக்குள் முறித்துக்கொண்டு ஓடுகிற சத்தம் பொத்திய காதுக்குள்ளும் கேட்டது, தூரப் போனது, இன்னும் தூரப் போனது. மிதிவெடிக்குச் சின்னப் பிள்ளையின் பாரமே போதும், எங்கள் பக்கம் எத்தனை மாடு கால் இழந்திருக்கிறது. வெடிக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. நாங்கள் எழும்ப நேரம் எடுத்தது.

கரடியைக் கண்டால் என்ன செய்வது என்று பின்னூட்டத்தில் கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்கிறேன். எங்கள் நாட்டில் கரடி உலர்வலயத் தாழ்நிலக் காடுகளில் மட்டும்தான், பாலைப்பழக் காலத்தில் வில்பத்திலும் யாலவிலும் சனம் காசு கொடுத்து ஜீப்பில் போய்ப் பார்க்கிறது. கண்ணும் காதும் மந்தம், மூக்குத்தான் கூர்மை. காற்று மரத்துப் பக்கமிருந்து வந்ததால் அந்த மூக்கும் அன்றைக்கு உதவவில்லை. மேல்வாயில் நடு முன்பற்கள் இரண்டு கிடையாது, கறையானை உறிஞ்சி எடுக்க அந்த இடைவெளி, உறிஞ்சும் சத்தம் நூறு மீற்றருக்கு அப்பாலும் கேட்கும். தின்னத் தொடங்கினால் உலகம் மறந்துவிடும், கிட்டப் போய்த் திடுக்கிட வைத்தால் தலைக்கும் முகத்துக்கும்தான் அடிக்கும், நகம் ஒரு விரல் நீளம். ஆகவே எஞ்சினை நிறுத்தினால் கதையுங்கள், பாட்டுப் பாடுங்கள், ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். இரண்டு நண்பர்கள் கரடியைச் சந்தித்த பள்ளிக்கூடக் கதையை நம்பி மரத்தில் ஏற வேண்டாம். எங்கள் விஷயத்தில் மரத்தில் ஏற்கெனவே ஆள் இருந்தது.

பாலம்பிட்டிக்குக் கிட்ட ஒரு முதியவர் பனையோலைப் பெட்டியில் பாலைப்பழம் வைத்து விற்றார். நின்றோம். கை நடுக்கத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார், மச்சான் சொன்னான். மரம் எந்த இடம் என்று விசாரித்தார். பழத்துக்காகக் கேட்கிறார் என்று நினைத்து, “அந்தப் பக்கம் போகாதேங்கோ ஐயா, மிதிவெடிப் பலகை இருக்கு” என்றான்.

“பலகை எனக்குத் தெரியும் தம்பி. அது என்ர தேப்பன்ர காணி.”

இரண்டு சுண்டு பழம் அளந்து பையில் போட்டார், மேலதிகமாக ஒரு கை அள்ளியும் போட்டார். “வெடிக்கேல்லையோ?” என்றார். இல்லை என்றோம். மச்சான் அவருக்கு விளக்கமாகச் சொல்லத் தொடங்கினான். ஒரு மிருகம் போய் வந்தது என்பதற்காக ஒரு இடம் துப்புரவு என்று அர்த்தமில்லை, ஒரு அடி தள்ளிக் கிடந்தாலும் கிடக்கும், துப்புரவாக்கிக் கடிதம் தரும்வரை காலை வைக்கக் கூடாது என்று. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மிச்சக் காசைத் தரும்போது என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, “அது எந்தப் பக்கத்தால தம்பி உள்ளுக்குப் போனது?” என்று கேட்டார்.