கண்டிக்குப் போனவரின் ஊர்

வணக்கம். நாங்கள் 1974இல் இலங்கையிலிருந்து வந்து கூடலூர்ப் பக்கம் குடியேறிய குடும்பம். நான் இங்கே பிறந்தவன். போன மாதம் அப்பாவின் டிரங்குப் பெட்டியில், தாயகம் திரும்பியபோது கொடுத்த குடும்ப அட்டை கிடைத்தது. தாத்தாவில் தொடங்கி ஏழு பேரின் பெயர், வயது, தோட்டத்தின் பெயர் அதில் இருக்கின்றன. அதற்கு முந்தைய தலைமுறை பற்றி ஒன்றும் இல்லை. அப்பாயியைக் கேட்டால் "திருச்சிப் பக்கம்" என்கிறார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் கப்பல் பட்டியலைப் பார்த்துத் தங்கள் கிராமத்தையே கண்டுபிடித்து வருகிறார்களாம். நமக்கும் அப்படி ஒரு பட்டியல் இருக்கிறதா? உங்கள் ஊரைத் தேடிக்கொண்டிருப்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள். கிடைத்ததா?

எஸ்., கூடலூர்

அன்புள்ள எஸ்.,

கிடைத்தது. ஆனால் பட்டியலில் இல்லை. இலங்கைக்குப் போன நம் ஆட்களுக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் இரண்டு வருடம் அதைத் தேடித்தான் அலைந்தேன்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்கள் ஒப்பந்தக் கூலிகள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி 1911 வரை இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் இருந்த தழும்பு வரை எழுதினார்கள். ஒப்பந்தத்தில் கட்டுண்ட ஆள் ஓடிவிட்டால் அடையாளம் காண வேண்டும் அல்லவா? அந்தக் கணக்குதான் இன்று அவர்களுடைய கொள்ளுப் பேரர்களுக்கு வழி காட்டுகிறது.

இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கட்டியவர் கங்காணி. தன் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும், தன் சொந்தபந்தத்திலும், முன்பணம் கொடுத்து அழைத்துப் போனார். ஆளைப் பிடித்து வைக்க அந்தக் கடனே போதும், பட்டியல் தேவைப்படவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு தகர வில்லை கொடுத்தார்கள். தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் எண்கள்தான் அதில் பொறித்திருக்கும், பெயர் இருக்காது. ஆனால் இதிலேயே நமக்கு ஒரு பிடியும் இருக்கிறது. ஒரே கங்காணியின் கீழ் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த குடும்பங்கள் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள். உங்கள் தாத்தாவின் லயத்தில் இருந்த யாராவது ஒருவருடைய ஊர் தெரிந்தாலும் தேட வேண்டிய இடம் சுருங்கிவிடும்.

அடுத்தது அப்பாவின் பிறப்புச் சான்றிதழ். 1948ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டப்படி, இலங்கையில் பிறந்தவருக்குக்கூடக் குடியுரிமை கிடைக்க அவருடைய தகப்பனார் அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தகப்பன் வழித் தாத்தாவும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். சான்று இல்லாத தோட்ட மக்கள் லட்சக்கணக்கில் நாடற்றவர்கள் ஆனது அப்படித்தான். அதனால் அந்த நாட்டுப் பிறப்புச் சான்றிதழில் தகப்பனார் பிறந்த இடம் கேட்கிறார்கள், தாத்தாவும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருந்தால் அவர்களுடைய விவரத்துக்கும் இடம் விட்டிருக்கிறார்கள். நம்மை வெளியே தள்ளுவதற்காகக் கேட்ட கேள்விகள் அவை. அவற்றுக்கு எழுதிய பதில்தான் இன்று நம் கையில் இருக்கும் வம்சாவளி. எனக்கு அதை நினைத்தால் இன்னும் நெஞ்சு கனக்கிறது.

பிரதி எடுக்க அந்தப் பகுதியின் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: தோட்டத்துக்குக் காகிதத்தில் ஓர் ஆங்கிலப் பெயர் இருக்கும், சனங்கள் வாயில் வேறொரு தமிழ்ப் பெயர் இருக்கும். முதலாவது அட்டையில் இருக்கிறது. இரண்டாவதை அப்பாயியிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அங்கே போய் விசாரிக்க அதுதான் உதவும்.

என் அப்பாவின் சான்றிதழில் தாத்தா பிறந்த இடம் 'துறையூர்' என்று இருந்தது. இரண்டு முறை போனேன். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஊர் கேட்டால் பக்கத்தில் இருக்கும் பெரிய ஊரைச் சொல்வதுதானே நம் வழக்கம், எழுதியவரும் அதையே எழுதிவிட்டார். அப்புறம் ஒரு சாவு வீட்டில் என் அத்தை ஒப்பாரி வைத்தபோது பச்சைமலை, ஏரிக்கரை, கன்னிமார் கோயில் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதார். அவர் பிறந்ததும் வளர்ந்ததும் இலங்கையில். இந்த இடங்களை அவர் பார்த்ததே இல்லை. அவருடைய அப்பாயி அழுத பாட்டு அது.

பச்சைமலை அடிவாரத்தில் ஏரிக்கரையில் கன்னிமார் கோயில் எங்கெங்கே என்று விசாரித்துப் போனதில் நான்காவது ஊரில் ஒரு பெரியவர் "எந்த வகையறா?" என்று கேட்டார். சொன்னேன். உள்ளே போய்க் கோயில் தலைக்கட்டு வரி நோட்டை எடுத்து வந்தார். பழைய நோட்டிலிருந்து பெயர்த்து எழுதிய பக்கத்தில் என் பூட்டன் பெயர் இருந்தது. பக்கத்தில் 'கண்டி' என்று ஒரே சொல். வரி எழுதும் இடம் காலியாக இருந்தது. போனவர் திரும்பி வருவார் என்று பெயரை அடிக்காமல் விட்டிருக்கிறார்கள். அன்று நான் அந்த வரியைக் கட்டினேன்.

ஆகவே அப்பாயியிடம் ஊர்ப் பெயரை மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். அன்றைய திருச்சி மாவட்டம் மிகப் பெரியது, இன்றைய கரூர், பெரம்பலூர், அரியலூர் எல்லாம் அதற்குள் இருந்தவை. குலதெய்வம் எது, பொங்கலுக்கு எந்தச் சாமியை நினைத்துக் கும்பிட்டார்கள், எந்த ஊரில் பெண் எடுத்தார்கள், தாலாட்டிலும் ஒப்பாரியிலும் என்ன மலை, என்ன ஆறு வருகிறது என்று கேளுங்கள். அவருடைய பிறந்த வீட்டையும் கேளுங்கள், பெண்வழியைப் பற்றி எந்தச் சான்றிதழும் அதிகம் பேசாது. போனில் பதிவு செய்யுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்காருங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

துறையூர், முசிறிப் பக்கம் என்று தெரிந்தால் எழுதுங்கள். நானும் கூட வருகிறேன்.