திண்ணையில் இருந்தவர் யார்?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. ‘தி ஹாபிட்’ நாவல் என்றால் உயிர். ஓய்வுபெற்ற ஆசிரியரான என் அப்பாதான் அதை இரவில் ஆங்கிலத்தில் வாசித்து, அவளுக்குத் தமிழில் சொல்வார். குகையில் போடும் விடுகதை வந்தால், “கீல் இல்லை, சாவி இல்லை, மூடியும் இல்லை, உள்ளே பொன் இருக்கிறது” என்று நிறுத்துவார்; “முட்டை!” என்று இவள் கத்துவாள். போன ஞாயிற்றுக்கிழமை, அந்த நாவலை வைத்து எடுத்த படங்களில் முதல் இரண்டையும் வீட்டில் போட்டோம். அப்பாவுக்குச் சத்தம் ஆகாது, திண்ணையில் இருந்தார். இரண்டாவது படத்தின் பாதியில், “கதையில் இப்படி இல்லை” என்று எழுந்து திண்ணைக்குப் போனவள், எத்தனை முறை கூப்பிட்டும் வரவில்லை. இந்த அடம் நல்லதா? கதைப் புத்தகங்களை நிறுத்திவிடட்டுமா?

- ஒரு தந்தை, கல்லிடைக்குறிச்சி

பதில்: தம்பி, பிள்ளையின் அடத்தைப் பற்றி எனக்கு வராத கடிதம் இல்லை. உங்கள் கடிதத்தில் நான் அடத்தைப் பார்க்கவில்லை. “அப்பாவுக்குச் சத்தம் ஆகாது, திண்ணையில் இருந்தார்” என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்களே, அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

ரிமோட் யார் கையில் இருந்தது? சத்தம் ஆகாதென்றால் சத்தத்தைக் குறைக்க வேண்டும். நீங்கள் அப்பாவைக் குறைத்துவிட்டீர்கள். அந்த இரண்டு படமும் சேர்ந்து ஐந்தரை மணி நேரம். அவ்வளவு நேரமும் அவர் வாயால் வீட்டுக்குள் வந்த கதையை, அவரை வாசலில் வைத்துவிட்டுக் குடும்பமே பார்த்திருக்கிறது. இடையில் ஒருவராவது எழுந்து போய், “உள்ளே வாருங்கள்” என்று கையைப் பிடித்தீர்களா? போனது அந்தப் பிள்ளை ஒருத்திதான். அவளைத்தான் குறை சொல்கிறீர்கள்.

அவள் சொன்னதும் உண்மை. 1937-இல் வந்த ஒரே புத்தகத்தை 2012 முதல் 2014 வரை மூன்று படங்களாக இழுத்தார்கள். இரண்டாவது படத்தில் வில்லோடு வரும் டாரியல் என்ற பெண் நாவலில் கிடையவே கிடையாது. தாத்தா சொன்னதை வரி விடாமல் கேட்ட பிள்ளைக்குத்தான் அது உறுத்தும். நாவலை எழுதிய டோல்கீன் தன் பிள்ளைகளுக்குச் சொன்ன கதை அது. அச்சுக்குப் போகுமுன் பதிப்பாளர் அதைத் தன் 10 வயது மகனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவன் எழுதிக் கொடுத்த கருத்துக்கு ஒரு ஷில்லிங் கூலியும் கொடுத்தார். ஒரு சிறுவனின் சொல்லுக்கு அங்கே அத்தனை மதிப்பு இருந்தது. நீங்களோ உங்கள் மகள் வாய் திறந்ததும் புத்தகத்தைப் பிடுங்கப் பார்க்கிறீர்கள். புத்தகத்தில் கை வைக்காதீர்கள்.

மூன்று வேளைச் சோறும் மாத்திரையும் கொடுத்தால் பெற்றவருக்குச் செய்ய வேண்டியது முடிந்தது என்ற நினைப்பு நம் தாமிரபரணிக் கரையிலும் வந்துவிட்டது. எனக்கு அது ஒப்பாது. வீடு கூடி உட்காரும் இடத்தில் தகப்பனுக்கு இடம் வேண்டும், அதுவும் நடுவில். அது மகனின் கடமை. முதுகு வலி, கண் கூச்சம் என்று அவரே விலகினாலும், விடாமல் அழைப்பதும் மகனின் கடமைதான்.

மூன்றாவது படம் பாக்கி இருக்கிறது. சாய்வு நாற்காலியைத் திண்ணையிலிருந்து உள்ளே கொண்டுவந்து போடுங்கள். ஒலியை அவருக்குத் தாங்கும் அளவில் வையுங்கள். அவர் கை காட்டும் இடத்தில் படத்தை நிறுத்துங்கள். புத்தகத்தில் என்ன இருந்தது என்று தாத்தாவும் பேத்தியும் சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள். அதற்கு முன்னால், “அன்றைக்கு உங்களை வெளியே விட்டது என் தப்பு, அப்பா” என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். மகள் காதில் விழும்படி சொல்லுங்கள்.