போனை மீண்டும் போட்டதும் சர்வீஸ் தொடங்காத சிக்கல்

போன் தொடங்கிய செய்தியைப் பெறும் ரிசீவருக்குள், இருப்பிடத்தை அனுப்பும் உங்கள் சர்வீஸைச் சாதாரண சர்வீஸாகத் தொடங்காமல், அறிவிப்பைக் காட்டியபடி இயங்கும் ஃபோர்கிரவுண்ட் சர்வீஸாகத் தொடங்கி, 5 விநாடிக்குள் அறிவிப்பைக் காட்டிவிடுங்கள். ஆண்ட்ராய்டு 8 முதல் பழைய வழி பின்னணியில் செல்லாது.

காசிமேட்டு ஐஸ் வண்டிகளின் இருப்பிடத்தை அனுப்பும் உங்கள் செயலி, சார்ஜ் இறங்கி அணைந்த போனை ஓட்டுநர் மீண்டும் போட்டபின் சில நாள்களில் மட்டும் எழுவதில்லை என்கிறீர்களே, அதற்குப் பூட்டுத்திரையே காரணமாக இருக்கலாம். ரகசிய எண்ணை இட்டுத் திறக்கும்வரை, போன் முழுதாகத் தொடங்கிவிட்டதைச் சொல்லும் பூட் கம்ப்ளீட்டட் செய்தி செயலிக்கு வராது. ஈரக்கையோடு ஐஸ் இறக்குபவர் போனை உடனே திறப்பாரா என்ன?

மறுதொடக்கம் செய்து, திறக்காமல் இரண்டு நிமிடம் விட்டு, பிறகு திறந்து பாருங்கள். அப்போது அறிவிப்பு தோன்றினால் காரணம் அதுவே.

இருப்பிட அனுமதி ‘எப்போதும்’ என்று இல்லாவிட்டால், ஆண்ட்ராய்டு 14-இல் தொடங்கும்போதே செயலி விழுந்துவிடும். போன் அமைப்புகளில் செயலியை முழுதாக நிறுத்தும் ஃபோர்ஸ் ஸ்டாப்பை யாரேனும் அழுத்தியிருந்தால், செயலியை ஒருமுறை கையால் திறக்கும்வரை எந்தத் திருத்தமும் பலிக்காது.