குழந்தைகள் சாதித்ததைக் கொண்டாடவும், தங்களுக்கென்று இலக்கு வைத்துக்கொள்ளவும் பெற்றோர் எப்படி உதவலாம்?

மகனுக்கு எட்டு வயது, எதை ஆரம்பித்தாலும் பாதியில் விட்டுவிடுகிறான், எவ்வளவு பாராட்டினாலும் ஒட்டவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பாராட்டியது ஒன்றாகவும் அவன் மனசுக்குள் பெருமைப்பட்டது வேறாகவும் இருந்திருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. நீச்சல் வகுப்பில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. 25 மீட்டர் குளத்தை நிற்காமல் நீந்திக் கடக்க வேண்டும் என்பது இலக்கு. யார் வைத்த இலக்கு என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. மறுமுனையில் போனைப் பிடித்தபடி வீடியோ எடுக்க நின்றேன். பாதி தூரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். வீடியோவை அணைத்துவிட்டேன்.

கரையேறி ஓடி வந்தவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அம்மா, இன்னைக்குத் தலையைத் தண்ணிக்குள்ளேயே வெச்சிருந்தேன், பார்த்தியா? பயமே இல்லை!" முதல் மாதம் முகத்தில் தண்ணீர் தெறித்தாலே அலறிய குழந்தை அவள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி சரி, அடுத்த வாரம் முழுசா நீந்திடணும்." அந்தச் சிரிப்பு அடங்கியதைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் துண்டை நீட்டினேனே தவிர வேறொன்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அடுத்த வாரம் வயிற்றுவலி என்றாள். அதற்கடுத்த வாரம் தலைவலி. 25 மீட்டர் நீந்தினால் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று ஆசை காட்டினேன். போனாள். ஆனால் ஒவ்வொரு முறை கரையேறியதும் "இன்னும் எவ்வளவு பாக்கி?" என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வைப் பிறகுதான் படித்தேன். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள சின்னக் குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்து இஷ்டம்போல் விளையாட விட்டபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு கொடுத்த குழந்தைகளிடம் அந்தச் சரிவு இல்லை. பரிசே கூடாதா என்று சண்டைக்கு வராதீர்கள், நான் அப்படிச் சொல்லவில்லை. முன்கூட்டிப் பேரம் பேசுவது வேறு, முடிந்த பிறகு சேர்ந்து சந்தோஷப்படுவது வேறு.

வழி காட்டியது அவளுடைய பயிற்சியாளர்தான். ஒருநாள் அவளிடம், "இன்னைக்கு எது வரைக்கும் போகப் போறே? நீயே சொல்லு" என்று கேட்டார். நீந்தும் தடத்தைப் பிரிக்கும் கயிற்றில் இரண்டு முனையிலும் 5 மீட்டருக்கு மிதவைகள் சிவப்பாக இருந்தன. "அந்தச் சிவப்பு முடியற வரைக்கும்" என்றாள். ஏற்கெனவே பாதிக்குளம் போனவள் வெறும் 5 மீட்டர் கேட்கிறாளே என்று எனக்கு வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அன்றைக்கு அந்த 5 மீட்டரை ஆறு தடவை நீந்தினாள். அடுத்த வகுப்பில் "சிவப்பைத் தாண்டி மூணு கை" என்றாள்.

இதற்கும் ஓர் ஆய்வு உண்டு. பண்டூரா, ஷங்க் இருவரும் 1981-ல் வெளியிட்டது. கழித்தல் கணக்கில் தடுமாறிய, 7 முதல் 10 வயதுக் குழந்தைகளிடம் 42 பக்கப் பயிற்சியைக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு ஒவ்வொரு அமர்விலும் 6 பக்கம் என்று இலக்கு. இன்னொரு குழுவுக்கு ஏழு அமர்வுக்குள் 42 பக்கம். கணக்கு ஒன்றுதான். ஆனால் 6 பக்கக் குழந்தைகள்தான் நன்றாகக் கற்றார்கள், தன்னால் முடியும் என்ற நம்பிக்கையும் கணக்கின் மேல் ஆசையும் அவர்களுக்குத்தான் அதிகம் வந்தது. அந்த 6 பக்கத்தைச் சொன்னது பெரியவர்கள்தானே என்று கேட்கலாம், உண்மைதான். என் மகள் விஷயத்தில் தூரத்தை அவளே சொன்னதும் சேர்ந்து வேலை செய்தது என்று நான் நம்புகிறேன்.

இதை எழுதும்போது என் அலுவலகம்தான் ஞாபகம் வருகிறது. வருஷா வருஷம் 'எனது இலக்குகள்' என்று ஒரு படிவம். மேலே இருப்பவர்கள் எண்களைப் போட்டு அனுப்புவார்கள், நான் கையெழுத்துப் போட வேண்டும். எட்டிப் பிடித்தால் மறுநாளே அடுத்த எண். ஒரு வருஷம் ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்து முடித்தேன், 'நன்றாகச் செய்தீர்கள்' என்று ஒரு வார்த்தை வரவில்லை. மூன்று நாள் எனக்குத் தூக்கம் இல்லை. அதையேதான் நான் குளக்கரையில் என் குழந்தைக்குச் செய்திருக்கிறேன்.

உங்கள் மகனிடம் முதலில் "எது உனக்குப் பிடிச்சுது? எது கஷ்டமா இருந்துது?" என்று கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை 'அடுத்து' என்ற வார்த்தையை எடுக்காதீர்கள். எனக்கு அதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. ரொம்பச் செல்லம் கொடுக்கிறேன் என்று சிலர் சொல்வார்கள். நான் எதையும் குறைத்துக் கேட்கவில்லை, எல்லை அவளே தள்ளிக்கொண்டு போனது. எல்லாக் குழந்தைக்கும் இது பொருந்தும் என்றும் சொல்ல மாட்டேன். போட்டி இருந்தால்தான் உற்சாகமாகும் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

மறுமுனையைத் தொட்ட அன்று நான் அங்கே இல்லை. வேலை முடிந்து வந்ததும் சொன்னாள். உடனே பாட்டிக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். பிடுங்கிக்கொண்டாள். "நீ சொல்லாதே, நான் சொல்றேன்." கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் பேசினாள். தண்ணீரில் முகம் வைக்கப் பயந்த முதல் நாளிலிருந்து ஆரம்பித்தது வெளியே எனக்குக் கேட்டது. 25 மீட்டர் கடைசியில்தான் வந்தது.