செக் பண்ணுவதற்கும் ஸ்குரூட்டினைஸ் பண்ணுவதற்கும் என்ன வித்தியாசம்?

யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்களுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ‘ஸ்குரூட்டினைஸ்’ என்ற வினைச்சொல்லைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் எழுதி அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

ரீச்சர், அக்காவின் ஏ.எல். பெறுபேற்றுக்கு ரீ-ஸ்குரூட்டினிக்குப் போட்டிருக்கிறோம். ஸ்குரூட்டினைஸ் என்றால் திருப்பித் திருத்துவதா? (கொக்குவில், மாணவி)

இல்லை பிள்ளை. திருத்துவது என்றால் பிழையைச் சரியாக்குவது. இந்தச் சொல்லுக்குள் அது இல்லை. மேலோட்டமாகப் பார்க்கும்போது கண்ணில் படாத ஏதாவது இருக்கிறதா என்று ஒன்றை அங்குலம் அங்குலமாகத் தேடிப் பார்ப்பதுதான் ஸ்குரூட்டினைஸ். ஏதாவது அகப்படுமா, அகப்படாதா என்பது வேறு விஷயம். முன்னால் ‘ரீ’ வந்தால் அதே வேலை இன்னொரு முறை.

எங்கள் வீடுகளில் இதை ‘ரீகரெக்‌ஷன்’ என்கிறார்கள். கரெக்‌ஷன் என்று சொன்னவுடனேயே பிழை இருக்கிறது என்று முடிவு கட்டியாயிற்று. பரீட்சைத் திணைக்களம் ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயர் ரீ-ஸ்குரூட்டினி. அது அப்படி எந்த வாக்கும் கொடுக்கவில்லை. பெறுபேறு மாறாமல் வந்தாலும் ஸ்குரூட்டினி நடந்ததுதான். அக்காவுக்கு நல்லது நடக்கட்டும்.

இதன் வேர் லத்தீன். ‘ஸ்க்ரூட்டாரி’ என்றால் தேடுதல். கந்தல், குப்பை என்று பொருள்படும் ‘ஸ்க்ரூட்டா’ என்ற சொல்லோடு அதைச் சேர்த்துப் பார்க்கும் அகராதிகள் உண்டு. கந்தல் குவியலைக் கிளறி, உதவுகிற துண்டு ஏதாவது கிடக்கிறதா என்று தேடுகிறவரை நினைத்துக்கொள். பொருள் மறக்காது.

கனடாவில் இருக்கும் மகனின் நண்பர் எங்கள் பக்கத்துக் காணியை வாங்கப் போகிறார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. சட்டத்தரணி காணி உறுதியை (காணிப் பத்திரத்தை) பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும். செக் போடுவதா, வெரிஃபை போடுவதா, இந்தச் சொல்லா? (மானிப்பாய், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்)

ஐயா, உங்கள் கேள்விக்குள் மூன்றுக்கும் இடம் இருக்கிறது.

உறுதியில் நொத்தாரிசின் கையெழுத்தும் திகதியும் இருக்கின்றனவா என்று ஒரு பார்வை பார்த்தால் அது செக். உறுதியில் உள்ள பதிவு விபரம் காணிப் பதிவகத்தின் பதிவோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் அது வெரிஃபை. இரண்டாவதற்கு, ஒப்பிட்டுப் பார்க்க வெளியே ஓர் ஆதாரம் வேண்டும். வேலை முடிந்தால் ‘சரி’ அல்லது ‘இல்லை’ என்று சொல்லிவிடலாம்.

இனி, சட்டத்தரணி பழைய உறுதிகள் எல்லாவற்றையும் மேசையில் விரித்து வைக்கிறார். 1970களில் எழுதியதில் காணியின் அளவு நான்கு பரப்பு (பரப்பு என்பது எங்கள் பக்கத்து நில அளவு). அடுத்ததில் நான்கரை. அந்த அரைப் பரப்பு எங்கிருந்து வந்தது? கிழக்கு எல்லையில் முன்பு ‘வாய்க்கால்’ என்று இருந்தது ஏன் இப்போது ‘ஒழுங்கை’ என்று இருக்கிறது? சீதனமாகக் கொடுத்தபோது எந்தப் பிள்ளையின் பங்கு விடுபட்டது? அவர் என்ன தேடுகிறார் என்பது அவருக்கே முழுதாகத் தெரியாது, ஆனால் ஏதாவது ஒளிந்திருக்கலாம் என்ற எண்ணத்தோடு ஒவ்வொரு வரியாகப் போகிறார். இதற்குத்தான் ஸ்குரூட்டினைஸ். நீங்கள் எழுத வேண்டியது: ‘தி லோயர் இஸ் ஸ்குரூட்டினைஸிங் தி டீட்ஸ்.’ காணியை நேரே போய்ப் பார்க்கிறார் என்றும் எழுதுவதானால் அதற்கு இன்ஸ்பெக்ட்.

எக்ஸாமின், ஓடிட் இரண்டும் எங்கே வரும்? (சாவகச்சேரி, வங்கி ஊழியர்)

எக்ஸாமின் பொதுவான சொல். வைத்தியர் நோயாளியை எக்ஸாமின் பண்ணுவார், ஆராய்ச்சியாளர் ஒரு கருத்தை எக்ஸாமின் பண்ணுவார். அதில் சந்தேகத்தின் வாடை இல்லை. ஓடிட் என்பது கணக்காய்வு, விதிமுறைப்படி செய்து அறிக்கை கொடுக்கிற தொழில். ஓடிட் நடக்கும்போது கணக்காய்வாளர் சில பற்றுச்சீட்டுகளை ஸ்குரூட்டினைஸ் பண்ணலாம். அதற்காக நீங்கள் உங்கள் வீட்டு மின்சார பில்லைக் கூர்ந்து பார்ப்பது ஓடிட் ஆகாது.

ஸ்குரூட்டினைஸுக்குப் பிறகு ‘அபௌட்’ வருமா, ‘ஒன்’ வருமா? (பருத்தித்துறை)

இரண்டுமே வேண்டாம். ‘தி கொமிட்டி ஸ்குரூட்டினைஸ்ட் தி அக்கவுண்ட்ஸ்.’ அவ்வளவுதான். தமிழில் ‘கணக்கைப் பற்றி ஆராய்ந்தார்கள்’ என்று சொல்லிப் பழகியதால் அந்த ‘பற்றி’ எங்கள் ஆங்கிலத்துக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. ‘டிஸ்கஸ் அபௌட்’ என்று எழுதுவதும் இதே வழியில் வரும் பிழை. கொப்பிகளில் நான் அதிகம் சிவப்புக் கோடு போடுவது இதற்குத்தான். தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

‘பொலிசார் அவனைத் துருவித் துருவி விசாரித்தார்கள்’ என்பதற்கு ஸ்குரூட்டினைஸ் போட்டேன். ரியூசன் சேர் வெட்டிவிட்டார். ஏன்? (நெல்லியடி, மாணவன்)

சேர் வெட்டியது சரி, தம்பி. துருவிக் கேட்பது வாயால் செய்கிற வேலை. ஸ்குரூட்டினைஸ் கண்ணாலும் புத்தியாலும் செய்வது. கேள்வி கேட்டால் கொஸ்ஷன், பொலிசார் விசாரித்தால் இன்டரோகேட்.

ஆனால் ஆளைப் பார்ப்பதற்கு இது வரவே வராது என்று நினைக்காதே. ஒருவரின் முகத்தை ஸ்குரூட்டினைஸ் பண்ணலாம். கலியாணப் பேச்சுக்கு வந்த மாப்பிள்ளையின் போட்டோவை அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு யன்னலடிக்குக் கொண்டுபோய்ச் சரித்துப் பிடித்துப் பார்ப்பாரே, அதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான ஆங்கில வினை எனக்குத் தெரிந்து இல்லை.

வேலை விண்ணப்பக் கடிதத்தில் ‘ப்ளீஸ் ஸ்குரூட்டினைஸ் மை சீ.வி.’ என்று எழுதலாமா அக்கா? (சுன்னாகம்)

வேண்டாம் தங்கச்சி. இலக்கணப் பிழை இல்லை, ஆனால் ‘என்னிடம் என்ன குறை இருக்கிறது என்று தேடுங்கள்’ என்று நீங்களே கேட்பதுபோல இருக்கும். ரிவியூ அல்லது கன்சிடர் போடுங்கள்.

கடைசி எழுத்துகளில் எஸ்ஸா, இசட்டா? (பெயர் எழுதவில்லை)

இரண்டும் சரி. அமெரிக்கர்கள் இசட். பிரிட்டனில் பெரும்பாலும் எஸ், ஆனால் ஒக்ஸ்ஃபோர்ட் அகராதிகள் இசட்டையே முதலில் வைக்கும். எங்கள் பாடப்புத்தகங்கள் பிரிட்டிஷ் வழியில் போவதால் மாணவர்கள் எஸ்ஸோடு நின்றுகொள்ளுங்கள். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்க வேண்டாம். உச்சரிப்பு மாறாது. அழுத்தம் ‘ஸ்குரூ’வில்.

பத்திரிகைகளில் ‘அண்டர் ஸ்குரூட்டினி’ என்று வருகிறதே, அது என்ன? (திருநெல்வேலி, பல்கலைக்கழக மாணவி)

வினையைவிட இந்தப் பெயர்ச்சொல்தான் பத்திரிகைகளில் அதிகம் கண்ணில் படும், நல்ல கேள்வி. ‘தி டீல் இஸ் அண்டர் ஸ்குரூட்டினி’ என்றால் அந்த உடன்படிக்கையைப் பலர் கூர்ந்து கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். யாரும் குற்றவாளி என்று முடிவாகவில்லை. மொழிபெயர்க்கும்போது ‘குற்றச்சாட்டுக்கு உள்ளானது’ என்று எழுதிவிடாதீர்கள், அது அநியாயம். இந்தியத் தேர்தல் செய்திகளில் ‘வேட்புமனு பரிசீலனை’ என்று வருவதற்கும் ஆங்கிலத்தில் ஸ்குரூட்டினிதான். அடைமொழி வேண்டுமென்றால் ‘குளோஸ் ஸ்குரூட்டினி’ என்று எழுதுங்கள். ‘கெயார்ஃபுல்’ பிழையில்லை, ஆனால் கவனம் சொல்லுக்குள்ளேயே இருப்பதால் அது புதிதாக ஒன்றும் சேர்க்காது.