வெளியே நிற்கும் அந்தப் பெட்டியை மாற்றும் முன்

தம்பி,

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிவிடுகிறேன். குடியேறி இது உங்களுக்கு இரண்டாவது குளிர்காலம். வாங்கிய பழைய வீட்டில் 16 வருடம் ஓடிய 3 டன் ஹீட் பம்ப், குளிரில் சூடாக்கவும் கோடையில் குளிர்விக்கவும் செய்யும் இயந்திரம். கம்ப்ரசர் எரிந்துவிட்டது. இப்போதைக்கு தெர்மோஸ்டாட்டில் ‘எமர்ஜென்சி ஹீட்’ (மின் கம்பிச் சுருளால் மட்டும் சூடேற்றும் ஏற்பாடு) போட்டு ஓட்டுகிறீர்கள், மின் கட்டணத்தை நினைத்தால் தூக்கம் வரவில்லை. மூன்று ஒப்பந்தக்காரர்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர் அதே மாதிரி சாதாரண 3 டன் போதும் என்கிறார். இரண்டாமவர் 5 டன் போட்டுவிடுங்கள், கவலையே இருக்காது என்கிறார். மூன்றாமவர் தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் கம்ப்ரசர் உள்ள 3 டன்னைச் சொல்லி, மற்ற இருவரையும் விட அதிக விலை கேட்கிறார். யாரை நம்புவது என்பது உங்கள் கேள்வி.

நான் திருப்பி ஒன்று கேட்கிறேன். அந்த மூவரில் யாராவது உங்கள் வீட்டை அளந்தார்களா? ஜன்னல்களை எண்ணினார்களா, பரணில் ஏறி வெப்பக் காப்பு எத்தனை அங்குலம் இருக்கிறது என்று பார்த்தார்களா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால், மூவரும் பழைய பெட்டியின் பக்கவாட்டு ஒட்டுத்தாளைப் படித்துவிட்டு விலைப்புள்ளி எழுதியிருக்கிறார்கள். பழைய பெட்டி சரியான அளவுதான் என்று யார் சொன்னது? 16 வருடத்துக்கு முன்பு அதைப் போட்டவரும் அதற்கு முந்தைய பெட்டியைப் பார்த்துத்தான் போட்டிருப்பார்.

இந்தக் கோபத்துக்கு என் சொந்தக் கதை ஒரு காரணம். என் முதல் வீட்டிலும் இப்படித்தான் நடுக்குளிரில் கம்ப்ரசர் நின்றது. கைக்குழந்தை வேறு. வந்தவர் ‘பெரிதாகப் போட்டால் பாதுகாப்பு’ என்றார், மறுநாளே பொருத்தித் தருகிறேன் என்றார், தலையாட்டிவிட்டேன். விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்று நம் பாட்டிகள் சொன்னது அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை. அந்தப் பெட்டி ஏழெட்டு நிமிடம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். கூடத்தில் வியர்க்கும், படுக்கையறையில் குளிரும். கோடையில் அதைவிட மோசம். காற்று சட்டென்று குளிர்ந்துவிடும், ஆனால் ஈரத்தை உறிஞ்சும் அளவுக்கு நேரம் ஓடாது. போர்வை பிசுபிசுக்கும். ஒன்பது வருடம் அதோடு குடித்தனம் நடத்தினேன்.

நாம் ஏசியோடு வளர்ந்தவர்கள், ஹீட் பம்ப் என்றதும் வேறு ஏதோ என்று நினைப்போம். அதே ஏசிதான், இரண்டு பக்கமும் ஓடக்கூடியது. மின்சாரத்தை நேரடியாகச் சூடாக மாற்றாமல், வெளியே இருக்கும் காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து உள்ளே தள்ளுகிறது. அதனால்தான் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இதமான குளிரில் மூன்று யூனிட் வெப்பமும், நல்ல இயந்திரமாக இருந்தால் மைனஸ் 15 டிகிரியில்கூட இரண்டு யூனிட்டை ஒட்டியும் கிடைக்கிறது. குளிர்ந்த காற்றில் ஏது வெப்பம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். கெல்வின் பிரபு 1852-லேயே இந்த யோசனையை எழுதிவிட்டார். சூரிச் நகர மன்றக் கட்டடம் 1938-லேயே ஆற்று நீரிலிருந்து இப்படி வெப்பம் எடுத்தது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வெளியே குளிர் கூடக் கூட வீட்டுக்கு வெப்பம் அதிகம் வேண்டும், ஆனால் இயந்திரம் தரக்கூடிய வெப்பம் அதே நேரத்தில் குறைந்துகொண்டே போகும். 3 டன் என்பது மணிக்கு 36,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் பழைய ஆங்கில அலகு), அதாவது சுமார் 10.5 கிலோவாட். வட அமெரிக்க முறையில் ஒட்டுத்தாளில் போடும் வெப்பத் திறன் வெளியே 8.3 டிகிரி இருக்கும்போது அளந்தது. மைனஸ் 8.3-க்கு இறங்கும்போது பழைய ஒற்றை வேக இயந்திரங்கள் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இழந்துவிடுவது வழக்கம். வீட்டின் தேவையும் இயந்திரத்தின் திறனும் சமமாகும் வெப்பநிலையைச் சமநிலைப் புள்ளி என்பார்கள். அதற்குக் கீழே போனால் உள் யூனிட்டுக்குள் இருக்கும் மின் கம்பிச் சுருள்கள் துணைக்கு வரும். அது பெரிய டோஸ்டர், அவ்வளவுதான். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம், ஒரு துளி கூடுதல் கிடையாது.

இப்போது உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்த டோஸ்டர்தான். அதையே நான் உங்களுக்கு அளவுகோலாகத் தரப் போகிறேன். ஒன்றுக்கு ஒன்று என்பதால், இந்த நாட்களில் வெப்பத்துக்காகச் செலவாகும் மின்சாரம் எவ்வளவோ, உங்கள் வீடு இழக்கும் வெப்பமும் அவ்வளவே. ஹீட் பம்ப் நன்றாக ஓடும் வீட்டில் இந்தக் கணக்கு இவ்வளவு எளிதாகக் கிடைக்காது. காற்றில்லாத ஒரு குளிர்ந்த இரவைத் தேர்ந்தெடுங்கள். நள்ளிரவு 12 மணிக்கு மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள், காலை 6 மணிக்கு மறுபடி குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் சூடேற்றி, துணி உலர்த்தி எதுவும் அந்த நேரத்தில் ஓடக் கூடாது. ஃபிரிட்ஜ் போன்றவற்றுக்குக் கொஞ்சம் கழித்துவிடுங்கள். இரவில் வெயில் இல்லை, சமையல் இல்லை, ஆள் நடமாட்டம் இல்லை, ஆகவே கணக்கு சுத்தமாக இருக்கும்.

ஒரு பேச்சுக்கு, ஆறு மணி நேரத்தில் 36 யூனிட் செலவானது, வீட்டுக்குள் 20 டிகிரி, வெளியே மைனஸ் 4 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 6 யூனிட் என்றால் 6 கிலோவாட். உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் 24 டிகிரி. வகுத்தால் ஒரு டிகிரிக்கு கால் கிலோவாட். உங்கள் ஊரில் வருடத்தின் கடுங்குளிர் இரவுகள் மைனஸ் 15 என்றால் வித்தியாசம் 35, தேவை 8.75 கிலோவாட். இந்த ஓர் எண் கையில் இருந்தால் மூன்று விலைப்புள்ளிகளும் தாமாகப் பேசத் தொடங்கிவிடும்.

5 டன்னைப் பாருங்கள். அது 17.6 கிலோவாட். வெளியே 8 டிகிரி இருக்கும் சாதாரணக் குளிர்கால நாளில் உங்கள் வீட்டுக்கு 3 கிலோவாட் போதும். ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம் ஓடிவிட்டு மீதி ஐம்பது நிமிடம் அது சும்மா நிற்கும், அதுவும் துண்டு துண்டாக. குளிர்காலத்தின் பெரும்பகுதி இப்படிப்பட்ட மிதமான நாட்கள்தான், மைனஸ் 15 விரல் விட்டு எண்ணக்கூடிய இரவுகள். என் ஒன்பது வருடக் கதையின் கணக்கு இதுதான். அவரைக் கை கழுவிவிடுங்கள்.

சாதாரண 3 டன் மிதமான நாட்களைச் சமாளிக்கும். மைனஸ் 15-ல் அது பாதித் திறனுக்கு இறங்கினால் 5 கிலோவாட்டை ஒட்டித்தான் தரும், மீதியை டோஸ்டர் தர வேண்டியிருக்கும். வருடத்தில் சில இரவுகள் மட்டும் என்றால் அது கெட்ட ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். கையில் பணம் இறுக்கமாக இருக்கும் வீட்டுக்கு அது நியாயமான தேர்வுதான்.

மூன்றாமவர் சொல்வது பக்கம் என் மனம் சாய்கிறது, ஆனால் ‘இன்வெர்ட்டர்’ என்ற சொல்லுக்காக இல்லை. குளிர்ப் பிரதேசத்துக்கென்று செய்த சில இன்வெர்ட்டர் மாதிரிகள் மைனஸ் 15-லும் ஒட்டுத்தாள் திறனின் பெரும்பகுதியைத் தரும். எல்லா இன்வெர்ட்டரும் அப்படித் தராது. அவரிடம் தயாரிப்பாளரின் விரிவான வெளியீட்டு அட்டவணையைக் கேளுங்கள், விளம்பரத் தாள் போதாது. அதில் இரண்டு எண்களைப் பாருங்கள். மைனஸ் 15-ல் அதிகபட்சம் எவ்வளவு, 8 டிகிரியில் குறைந்தபட்சம் எவ்வளவு. இரண்டாவதை யாரும் கேட்பதில்லை. இன்வெர்ட்டரின் அருமையே மெதுவாக, விடாமல் ஓடுவதில் இருக்கிறது. குறைந்தபட்சமே 5 கிலோவாட் என்றால் 3 கிலோவாட் கேட்கும் நாளில் அதுவும் பழைய பெட்டி போல நின்று நின்று ஓடும். பிறகு அந்தக் கூடுதல் விலை எதற்கு?

திறன் குறியீடுகளைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். எச்எஸ்பிஎஃப்2 என்ற வட அமெரிக்கக் குறியீட்டைப் போட்டிருந்தால் அதை 3.4 ஆல் வகுங்கள், ஒரு யூனிட் மின்சாரத்துக்குப் பருவம் முழுக்கச் சராசரியாக எத்தனை யூனிட் வெப்பம் என்பது கிடைத்துவிடும். 8.5 என்றால் 2.5. ஐரோப்பிய எஸ்சிஓபி எண்ணை வகுக்கவே வேண்டாம், அது நேராக அதையே சொல்கிறது. சோதனை முறைகள் வேறு என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

காற்றுக் குழாய்களுக்கு வருவோம், பல நல்ல இயந்திரங்கள் கெட்ட பெயர் வாங்குவது இங்கேதான். ஹீட் பம்ப் தள்ளும் காற்று எரிவாயு ஹீட்டரின் காற்றைப் போலச் சுடாது, உடம்புச் சூட்டை ஒட்டித்தான் இருக்கும். அதனால் நிறையக் காற்று போக வேண்டும், டன்னுக்கு நிமிடத்துக்குச் சுமார் 400 கன அடி. 3 டன் என்றால் 1,200. உங்கள் குழாய்கள் அதைத் தாங்குமா என்பதை ‘ஸ்டேட்டிக் பிரஷர்’, அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றழுத்தத்தை, அளந்துதான் சொல்ல முடியும். சின்னத் துளை போட்டு மானியைச் செருகினால் சில நிமிட வேலை. 5 டன்காரர் அதே குழாயில் 2,000 கன அடி தள்ளுவேன் என்கிறாரே, அளந்தீர்களா என்று கேட்டுப் பாருங்கள், முகம் மாறும்.

கம்ப்ரசரை மட்டும் மாற்றலாமா என்று ஓரமாகக் கேட்டிருந்தீர்கள். 16 வயதில் வேண்டாம். வெளி யூனிட்டை மட்டும் புதிதாக்கி உள் யூனிட்டைப் பழையதாக விடுவதும் வேண்டாம், இரண்டும் ஜோடியாகச் சோதிக்கப்பட்டவை. மோட்டார் எரிந்த அமைப்பில் எண்ணெயில் அமிலம் சேர்ந்திருக்கும், அது செம்புக் குழாய்க்குள்ளும் தங்கும். சுவருக்குள் ஓடும் அந்தக் குழாயை மாற்ற முடிந்தால் மாற்றச் சொல்லுங்கள். முடியாவிட்டால், அதன் விட்டம் புதிய இயந்திரத்துக்குப் பொருந்துகிறதா, கழுவித் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

குளிர்பதனப் பொருளும் மாறிவிட்டது. உங்கள் பழையதில் ஆர்-410ஏ இருந்திருந்தால், அது கார்பன் டை ஆக்சைடைவிட 2,088 மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு. 2016-ல் ருவாண்டாவின் கிகாலியில் நாடுகள் செய்த உடன்பாட்டுக்குப் பிறகு இப்படிப்பட்ட வாயுக்களைப் படிப்படியாகக் குறைத்துவருகிறார்கள். இப்போது வருபவை பெரும்பாலும் ஆர்-32 (675 மடங்கு) அல்லது ஆர்-454பி (466 மடங்கு). இவை லேசாகத் தீப்பற்றும் வகை என்பதால் உள் யூனிட்டில் கசிவு உணரி பொருத்தும் வழக்கம் வந்திருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. கிடங்கில் மிஞ்சிய ஆர்-410ஏ பெட்டியை யாராவது மலிவாகத் தள்ளப் பார்த்தால் மட்டும் யோசியுங்கள், பிற்பாடு கசிந்தால் அந்த வாயுவைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

எந்த பிராண்ட் என்று கேட்டீர்கள். பெரிய நிறுவனங்களின் பெட்டிகளுக்குள் அவ்வளவு வித்தியாசம் இல்லை, பொருத்துபவர் கையில்தான் வித்தியாசம். இரண்டு கேள்வி கேளுங்கள். குழாயைப் பற்ற வைக்கும்போது உள்ளே நைட்ரஜன் ஓட விடுவீர்களா? வெற்றிடம் இழுக்கும்போது உள்ளே மிஞ்சும் அழுத்தம் 500 மைக்ரானுக்குக் கீழே போய் நிற்கிறதா என்று மானி வைத்துக் காட்டுவீர்களா? எரிச்சல் படாமல் ‘ஆமாம், நீங்களே நின்று பாருங்கள்’ என்பவருக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

பொருத்தி முடிந்ததும் தெர்மோஸ்டாட்டில் டோஸ்டர் எந்த வெப்பநிலைக்குக் கீழே மட்டும் வரலாம் என்பதை அமைக்கச் சொல்லுங்கள். என் இரண்டாவது இயந்திரத்தில் அதை அமைக்காமலே போய்விட்டார்கள், 5 டிகிரி நாளில்கூடச் சுருள்கள் எரிந்துகொண்டிருந்தன, கட்டணம் வந்த பிறகுதான் தெரிந்தது. இரவில் வெப்பத்தைக் குறைத்துக் காலையில் சட்டென்று ஏற்றும் சிக்கனமும் இங்கே எடுபடாது. அந்த அவசரத்தைத் தீர்க்கவும் டோஸ்டர்தான் வரும். ஒரே அளவில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

வெளி யூனிட்டைத் தரையில் வைக்க விடாதீர்கள், பனி குவியும் உயரத்துக்கு மேலே தாங்கியில் நிற்கட்டும். குளிரில் அதன் சுருளில் உறைபனி படியும். அதை உருக்கச் சில நிமிடம் இயந்திரம் திசை மாறி ஓடும். விசிறி நிற்கும், ‘புஸ்’ என்று சத்தம் வரும், வெள்ளையாக ஆவி கிளம்பும். எங்கள் முதல் குளிர்காலத்தில் இரவு இரண்டு மணிக்கு அதைப் பார்த்து, தீப்பிடித்துவிட்டது என்று நான் வாளித் தண்ணீரோடு ஓடியதை என் மனைவி இன்றும் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிக்கிறாள்.

இன்னும் ஒன்று. பரணின் ஓட்டைகளையும் கதவிடுக்குகளையும் அடைத்தால் அந்தக் கால் கிலோவாட் 0.2 ஆகலாம். அப்போது மைனஸ் 15-ல் 7 கிலோவாட் போதும், ஒரு படி சிறிய இயந்திரமே வாங்கலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அடையுங்கள், பின்னால் அடைத்தால் வாங்கியது பெரிதாகிவிடும். டோஸ்டரில் இன்னும் இரண்டு வாரம் ஓடினால் கட்டணம் வலிக்கும்தான், ஆனால் தப்பான பெட்டியோடு பதினைந்து வருடம் இருப்பது அதைவிட வலிக்கும். மீட்டர் கணக்கையும் அந்த மூன்றாமவர் தரும் அட்டவணையையும் அனுப்புங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.