வாலாட்டும் டிரெய்லர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வரும் கோடையில் நானும் மனைவியும் ஆறு வாரம் காரிலேயே சுற்றுவதாகத் திட்டம். அதற்காகப் பழைய, சிறிய கேம்பிங் டிரெய்லர் ஒன்று வாங்கியிருக்கிறோம். ஒற்றை அச்சு. காலி எடை 600 கிலோ, தகட்டில் போட்டிருக்கும் மொத்த எடை வரம்பு 900 கிலோ. சாமான்களை ஏற்றி ஒரு வெள்ளோட்டம் விட்டதில் மூன்று தொல்லைகள். மணிக்கு 85 கிலோமீட்டரைத் தாண்டினால் டிரெய்லரின் பின்பகுதி இடமும் வலமும் ஆடுகிறது, பெரிய லாரி கடந்து போனால் இன்னும் அதிகம். (பின்னால் தாங்கி பொருத்தி இரண்டு சைக்கிள்கள் வைத்திருக்கிறோம்.) நிறுத்திப் பார்த்தால் இடது சக்கரத்தின் நடுவில் கை வைக்க முடியாத சூடு, வலது பக்கம் வெதுவெதுப்புதான். இரவில் ஃபிரிட்ஜ் ஓடினால் விடிவதற்குள் 100 ஆம்பியர்-மணி பேட்டரி காலியாகிவிடுகிறது. ஆட்டத்துக்கு ஸ்வே பார் (காருக்கும் டிரெய்லருக்கும் இடையில் மாட்டும், ஆட்டத்தைத் தடுக்கும் தண்டு), பேட்டரிக்கு சோலார் பேனல் வாங்கினால் போதும் என்கிறார் மனைவி. வாங்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இப்போதைக்கு இரண்டையும் வாங்க வேண்டாம். கிளம்புவதற்குள் செய்ய வேண்டிய அவசர வேலை அந்த இடது சக்கரம். ஆனால் உங்கள் கடிதத்திலேயே விடை இருப்பது ஆட்டத்துக்குத்தான், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்ட சைக்கிள்களில்தான் விஷயமே இருக்கிறது.

டிரெய்லரின் மூக்கு காரின் இழுகொக்கியின் மேல் ஒரு குறிப்பிட்ட எடையோடு அழுந்தி உட்கார வேண்டும். வட அமெரிக்காவில் இதை மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் என்பார்கள். பிரிட்டனில் 5 முதல் 7 என்பார்கள், அங்கே கார்களின் கொக்கிகள் தாங்கும் வரம்பே குறைவு. நீங்கள் ஏற்றிய எடை 850 கிலோ என்று வைத்துக்கொண்டால், 60-க்குக் கீழே இறங்கக் கூடாது, 85 கிலோ இருந்தால் நிம்மதி. ஆனால் கொக்கியின் தகட்டிலும் கார் கையேட்டிலும் 75 என்று போட்டிருந்தால் அதுதான் கடைசி வார்த்தை, அதற்கு மேல் போகக் கூடாது.

இரண்டு சைக்கிளும் தாங்கியும் சேர்ந்து 35 கிலோ, அவை அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் தொங்குகின்றன, அச்சிலிருந்து கொக்கிவரை 3 மீட்டர் என்று கொள்ளுங்கள். 35-ஐ 2-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் 23. அதாவது இருக்க வேண்டிய 60 சொச்சம் கிலோவில் 23 கிலோவை அந்த சைக்கிள்கள் மட்டுமே தூக்கிவிடுகின்றன. தண்ணீர்த் தொட்டியும் அச்சுக்குப் பின்னால் இருந்து, அதையும் நிரப்பிக்கொண்டு போயிருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு லிட்டர் ஒரு கிலோ.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. பின்னால் தொங்குவதை ஈடுகட்ட மூக்கில் ஒரு பெரிய இரும்புப் பெட்டியை வைத்துத் தராசுக் கணக்கைச் சரிசெய்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். எண் சரியாகிவிடும், ஆட்டம் முழுதாகப் போகாது. காவுதடியின் இரு முனையிலும் குடம் தொங்கினால் ஒருமுறை சுழலத் தொடங்கியதைப் பிடித்து நிறுத்துவது எவ்வளவு பாடு! எடை நடுவில், அச்சை ஒட்டி, தரை மட்டத்தில் இருக்க வேண்டும். சைக்கிள்களைக் காரின் கூரைக்கு மாற்றுங்கள் (கூரையின் எடை வரம்பையும் பார்த்துக்கொண்டு). மடிப்பு நாற்காலி, கருவிப்பெட்டி, டின் உணவுகள் எல்லாம் அச்சுக்குச் சற்று முன்னால் தரையில். மேல் அலமாரியில் துணியும் தலையணையும் மட்டும்.

அளப்பதற்குக் குளியலறைத் தராசே போதும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பயணத்துக்குப் போவதுபோலவே தண்ணீர், எரிவாயு, துணிமணி எல்லாவற்றையும் ஏற்றுங்கள். காரில் மாட்டியிருக்கும்போது கப்ளர் (மூக்கு நுனியில் கொக்கியைக் கவ்வும் பாகம்) தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அந்த அளவுக்கு ஒரு கட்டையை வெட்டித் தராசின் மேல் நிறுத்தி, ஜாக்கியைத் தளர்த்திக் கப்ளரை அதன்மேல் இறக்குங்கள். உயரத்தில் கவனம் தேவை. மூக்கு தாழ்ந்திருந்தால் தராசு கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். ஓடும்போதும் மூக்கு மட்டமாகவோ ஒரு விரற்கடை தாழ்ந்தோ இருக்கலாம், நிமிர்ந்திருக்கக் கூடாது. பிறகு ஒரு எடை மேடையில் மொத்த எடையையும் பார்த்துவிடுங்கள். தகட்டில் உள்ள காலி எடையில் பின்னாளில் சேர்த்த பேட்டரி, சிலிண்டர், வெயில் பந்தல் எதுவும் கணக்கில் இருக்காது. 300 கிலோ ஏற்றலாம் என்று நீங்கள் நினைக்கும் இடத்தில் உண்மையில் 220-தான் மிச்சமிருக்கலாம்.

எந்த டிரெய்லருக்கும் ஒரு வேகம் உண்டு. அதற்குக் கீழே ஆட்டம் தானாகவே அடங்கும், அதற்கு மேலே வளர்ந்துகொண்டே போகும். எடையை ஒழுங்காக ஏற்றுவதும் டயரில் காற்றைச் சரியாக வைப்பதும் அந்த வேகத்தை உயர்த்தும் வழிகள். ஸ்வே பார் உராய்வைத்தான் சேர்க்கிறது. தப்பாக ஏற்றிய டிரெய்லரில் அதை மாட்டினால் அதே ஆட்டம் 85-க்குப் பதில் 100-இல் வரும், அப்போது அடக்குவது இன்னும் கஷ்டம். எடையைச் சரிசெய்த பிறகு, குறுக்குக் காற்றுக்கு ஒரு கூடுதல் காப்பு என்று மாட்டினால் நல்லதே.

ஓட்டும்போது ஆட ஆரம்பித்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். எதிர்ப்பக்கம் ஒடித்துத் திருத்தப் பார்க்காதீர்கள். கார் பிரேக்கை அழுத்தி மிதித்தால் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். உங்கள் டிரெய்லரில் மின்சார பிரேக் இருந்தால், கட்டுப்பாட்டுப் பெட்டியில் கையால் இயக்கும் நெம்புகோல் இருக்கும். அதை மெல்ல அழுத்தினால் டிரெய்லர் மட்டும் பிரேக் பிடித்து இழுபட்டு நேராகும்.

இனி அந்த இடது சக்கரம். ஓடிவந்த ஹப் (சக்கரத்தின் நடுப்பாகம்) சூடாக இருப்பது இயல்புதான். ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாமல் இருப்பது இயல்பில்லை. பேரிங்கா பிரேக்கா என்று தெரிந்துகொள்ள, டிரெய்லரைக் காரில் மாட்டியபடியே, மறுபக்கச் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கையேடு காட்டும் இடத்தில் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். உரசிக்கொண்டு இறுக்கமாகச் சுற்றினால் பிரேக் ஷூ விலகாமல் பிடித்திருக்கிறது. கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங் போய்விட்டது. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கடகடவென்று ஆடினால் பேரிங் தளர்ந்திருக்கிறது. சத்தமும் இல்லை, ஆட்டமும் துளிகூட இல்லை, சுற்ற மட்டும் கனமாக இருக்கிறது என்றால் யாரோ நட்டை அளவுக்கு மேல் முறுக்கியிருக்கிறார்கள். பழைய டிரெய்லர்களில் நிறையப் பார்க்கக்கூடியது இதுதான்.

கிரீஸ் வைக்கும் வகை கூம்புப் பேரிங் என்றால் இரண்டு பக்கமும் கழற்றி, பழைய கிரீஸை முழுக்கக் கழுவி, உருளைகளிலும் அவை ஓடும் வளையத்திலும் நீலம் பாய்ந்தோ குழி விழுந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உருளையையும் வளையத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். உள்ளங்கையில் கிரீஸை வைத்துப் பேரிங்கின் அகன்ற ஓரத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் கிரீஸ் பிதுங்கி வரும்வரை நிரப்புங்கள். கிரீஸ் வெளியே கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் புதிதாகத்தான் போட வேண்டும். ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கிப் பேரிங்கை உட்கார வைத்து, பிறகு முழுக்கத் தளர்த்தி, விரலால் மட்டும் முறுக்கி, நட்டு கழன்றுவிடாமல் பூட்டும் காட்டர் பின் நுழையும் அடுத்த துளைக்குப் பின்னோக்கித் திருப்பிப் புதுப் பின்னைக் குத்துங்கள். மயிரிழை ஆட்டம் இருக்கலாம், இருக்க வேண்டும். ஹப் மூடியில் உள்ள நிப்பிள் வழியாகக் கிரீஸ் கன்னால் குத்துவது சுலபம்போலத் தெரியும். வேகமாகக் குத்தினால் பின்பக்க சீல் பிய்ந்து கிரீஸ் பிரேக் ஷூவில் இறங்கிவிடும், பிறகு ஷூவும் போச்சு. மூடிய வகை பேரிங் என்றால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது, அது பட்டறை வேலை. அதன் நட்டை மறுபடி பயன்படுத்தவும் கூடாது.

வண்டியில் ஒரு பக்கத்துக்கான பேரிங்குகள், சீல், காட்டர் பின், ஒரு டப்பா கிரீஸ் இருக்கட்டும். டிரெய்லருக்கென்று தனி ஸ்டெப்னியும் வேண்டும், கார் ஸ்டெப்னி பொருந்தாது. டயர் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றுங்கள், டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட, ஓடாமல் நின்றே பழசாகிப் பிறகு வெடித்துச் சாவதே அதிகம். கழற்றி மாட்டிய வீல் நட்டுகளை 40, 80 கிலோமீட்டரில் மறுபடி முறுக்குங்கள்.

ஃபிரிட்ஜுக்கு வருவோம். ஓடும்போது முணுமுணுக்கும் சத்தம் கேட்கிறதா? இல்லையென்றால் அது கம்ப்ரஸர் இல்லாத, சூட்டில் இயங்கும் வகை. 12 வோல்ட்டில் அது ஏறத்தாழ 10 ஆம்பியரை விடாமல் இழுக்கும், ஒன்பது மணி நேரத்தில் 90 போய்விடும். ஈய-அமில பேட்டரியிலோ பாதிக்கு மேல் எடுத்தாலே ஆயுள் குறையும். அந்த வகைக்கு 12 வோல்ட் என்பது கார் ஓடும்போது மட்டும். முகாமில் எரிவாயுவுக்கு மாற்றுங்கள், கிளம்புமுன் சிலிண்டரை மூடுங்கள். 100 வாட் பேனல் நல்ல வெயிலில் நாளுக்கு 25–30 ஆம்பியர்-மணி தரும். இதன் பசிக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். கம்ப்ரஸர் வகையாக இருந்தால் கோடையில் நாளுக்கு 40–50 போதும், அப்போது மனைவி சொல்வது சரி, 200 வாட்டாக வாங்குங்கள். எரிவாயுவில் ஓடும் ஃபிரிட்ஜ் சாய்ந்து நின்றால் குளிராது. ஆகவே கொக்கியைக் கழற்றுமுன் ஒரு சக்கரத்துக்கடியில் சரிவுக்கட்டை வைத்து இட-வல மட்டம், பிறகு இரு பக்கமும் தடைக்கட்டை, அதன்பின் கழற்றி மூக்கு ஜாக்கியால் முன்-பின் மட்டம், மூலைக் கால்கள் கடைசியில். அந்தக் கால்கள் ஆட்டத்தை நிறுத்தத்தான், டிரெய்லரைத் தூக்க அல்ல.

பின்னோக்கி எடுப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இரண்டு பேர் போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன். ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டால், கை போகும் பக்கம்தான் டிரெய்லரின் பின்புறமும் போகும். வழிகாட்டுபவர் ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும், கண்ணாடியில் அவர் மறைந்த கணமே வண்டி நிற்க வேண்டும். “இந்தப் பக்கம், இந்தப் பக்கம்” என்று கத்துவதில் பயனில்லை. நில், வா, டிரெய்லரின் பின்புறம் இடம், வலம் என்று நான்கு கைச்சாடைகளை ஒரு காலி மைதானத்தில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சக்கரத்தைச் சுற்றிப் பார்த்ததில் என்ன தெரிந்தது, தராசு என்ன காட்டியது என்று எழுதுங்கள்.